பஞ்சுவைச் சீவிய மழைக்காலம்

பதினாலு ஊசி என்று சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் ‘அப்படியா’ என்று கேட்டுவிட்டுப் போனைப் பார்க்கப் போய்விடுவார்கள். நம் வயதுக்காரர்களுக்கு அப்படி இல்லை. தொப்புளைச் சுற்றி, தினம் ஒன்றாக, பதினாலு நாள். தெருநாய் துரத்தும்போது நாம் தலைதெறிக்க ஓடியது நாய்க்குப் பயந்தா? அந்த ஊசிக்குப் பயந்துதானே. என்னைக் கடித்தது நாய் இல்லை, எங்கள் வீட்டுப் பூனை. அதை இந்த நாள்வரை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லலாம். உங்களுக்கு அந்தப் பயம் இருக்கிறது அல்லவா, அதன் ருசி தெரியும்.

மதுரையில் கீழவாசல் பக்கம் ஒரு சந்தில் இருந்தோம். இரண்டு தெரு தள்ளி அப்பாவின் பலசரக்குக் கடை. கடையில் இடம் போதாமல் பாதிச் சரக்கு வீட்டு முன்னறைக்கு வந்துவிடும். அரிசி, துவரம்பருப்பு, மல்லி, வற்றல் எல்லாம் மூட்டை மூட்டையாகச் சுவரோரம் நிற்கும். மூட்டை இருந்தால் எலி வரும். எலிக்காகப் பூனை வந்தது.

அடுத்த தெருவில் அத்தர் கடை வைத்திருந்தவரின் மனைவியை நாங்கள் பாயம்மா என்று கூப்பிடுவோம். அவர் கொடுத்த குட்டி அது. சாம்பலும் வெள்ளையுமாக, இரண்டு விரற்கடை நீளத்துக்கு முடி. வாலே ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்கும். அப்படியொரு பூனையை அந்தச் சந்தில் யாரும் பார்த்ததில்லை. ஐந்து வயதுத் தம்பி அதற்குப் பஞ்சு என்று பெயர் வைத்தான்.

“தினமும் சீவி விடு கண்ணு, இல்லாட்டி சிக்கு விழுந்துரும். பூனை இருக்கிற வீட்ல பரக்கத்து இருக்கும், எதுக்கும் குறைவு வராது” என்றார் பாயம்மா. படி இறங்கிய பிறகு கூப்பிட்டு, “ஒண்ணு மறந்துட்டேன். இதோட தாயிக்கும் சீப்பக் கண்டா ஆகாது” என்றார். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

எனக்கு அப்போது பத்து வயது. அந்த ஐப்பசியில் அம்மா மூன்றாவது பிரசவத்துக்காகத் திருமங்கலத்தில் அம்மாச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். தம்பியை அழைத்துப் போகவில்லை. அவனுக்கு இளைப்பு இருந்தது. மழை பிடித்துவிட்டால் நெஞ்சுக்குள் ஒரு சத்தம் கேட்கும், சைக்கிள் பம்பில் காற்று கசிகிற மாதிரி. டாக்டர் பக்கத்தில் இருக்கட்டும் என்று அவனை எங்கள் அத்தையிடம் விட்டுவிட்டுப் போனாள்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. இருபத்து மூன்று வயதில் தாலி இழந்து, ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். பிள்ளை இல்லை. தம்பி பிறந்த நாளிலிருந்து அவன்தான் அவளுக்குப் பிள்ளை. அவனுக்குச் சோறு ஊட்டிவிட்டு, மிச்சத்தை அதே தட்டில் அவள் சாப்பிடுவாள். அவன் இருமினால் இவள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள்.

அம்மா போன மூன்றாம் நாள் தம்பிக்கு இளைப்பு வந்தது. விடிந்ததும் அவன் பாயை உதறிய அத்தை, ஒரு முடியை இரண்டு விரலால் தூக்கி அப்பாவிடம் காட்டினாள்.

“பாரு தம்பி. பூனை முடி உள்ள போச்சுன்னா நெஞ்சுல போயி சுத்திக்கிரும். அப்புறம் வெளிய வராது. இந்தச் சனியன வீட்ல வச்சுக்கிட்டு எம்பிள்ளைக்கு எப்பிடி நல்லாகும்?”

அப்பா முடியைப் பார்த்தார். மூட்டைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இங்க பாரு ஆத்தா. எலிக்காகத்தான் இது இங்க இருக்கு. இனிமே தம்பி பாயில ஒரு முடி, ஒரே ஒரு முடி கெடந்துச்சுன்னு அத்தை சொல்லட்டும், சாக்குல கட்டி மேலூர்ச் சந்தையில கொண்டுபோயி விட்ருவேன்.”

பஸ் ஏறிப் போக வேண்டிய மேலூரை அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. முந்தைய பூனையை ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தார். மூன்றாம் நாள் அது அவருக்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டருகே உட்கார்ந்திருந்தது.

அன்றிலிருந்து என் மழைக்காலம் முழுவதும் ஒரு முடியைச் சுற்றியே போனது. தினமும் பொழுது சாய்ந்து விளக்கு வைத்ததும் அத்தை தம்பியின் கோரைப்பாயை விரிப்பாள். சொம்புத் தண்ணீரில் உள்ளங்கையை நனைத்து, பாயை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே இழுப்பாகத் தடவுவாள். ஈரக்கையில் முடி ஒட்டாமல் தப்பாது. பிறகு கையைத் திருப்பி பல்பு வெளிச்சத்தில் பார்ப்பாள். நான் துவரம்பருப்பு மூட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் கையைத் திருப்பும் அந்த நேரத்தில் எனக்கு ஒன்றுக்கு வந்துவிடும் போலிருக்கும். பிற்காலத்தில் எத்தனையோ பரீட்சை ரிசல்ட் பார்த்திருக்கிறேன். எதுவும் அதற்கு ஈடில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் ஓட்டமாக வருவேன். பையைப் போட்டுவிட்டுப் பஞ்சுவைத் தேடிப் பிடித்துப் பின்கட்டுத் துவைகல்லுக்குக் கொண்டுபோவேன். கையில் என் தலையில் ஈர் எடுத்த மரச்சீப்பு, இரண்டு பக்கமும் நெருக்கமாகப் பல் இருக்குமே, அதுதான். பழைய பாவாடையில் பூனையைச் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரியும்படி முழங்காலுக்கிடையில் இடுக்கிக்கொள்வேன். கழுத்தில் ஆரம்பிக்க வேண்டும். மூன்று இழுப்புவரை பொறுத்துக்கொள்ளும். நாலாவதில் காது பின்னால் படியும். ஐந்தாவதில் முதுகுத் தோல் தானாகச் சுருங்கி விரியும். வால் கல்லில் படார் படாரென்று அடிக்கும். அந்த நேரத்தில் நிறுத்திவிட வேண்டும். நிறுத்தினால் பாதி முடிதான் வந்திருக்கும். அதுவும் வயிற்றுப் பக்கம் தொடவே விடாது. பாயில் படுத்தால் உதிர்வதோ வயிற்று முடி.

அதன் கண்ணைப் பார்த்துக் கெஞ்சுவேன். “உனக்காகத்தான பஞ்சு செய்யிறேன், கொஞ்சம் இரேன்” என்பேன். அதற்கு எப்படிப் புரியும்? தன்னைப் பிடித்துச் சித்திரவதை செய்கிற ஒருத்தியாகத்தான் என்னைப் பார்த்திருக்கும்.

வந்த முடியை எங்கே போடுவது? குப்பைக்கூடையை அத்தை கிளறிப் பார்ப்பாள். வாசலில் போட்டால் காற்று திரும்ப உள்ளே கொண்டுவந்துவிடும். அதனால் தினமும் உருட்டி உருண்டையாக்கி ஒரு காலிப் பவுடர் டப்பாவில் அடைத்தேன். டப்பாவை மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொள்வேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மழையாக இருக்கும். மூட்டைக்கு இந்தப் பக்கம் தம்பி தலைவைத்துப் படுப்பான் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

இத்தனை செய்தும் தம்பிக்கு இளைப்பு நிற்கவில்லை. பாயில் முடி இல்லை, ஆனால் வெள்ளி, சனி வந்தால் நெஞ்சில் அந்தச் சத்தம். நான் அதைக் கவனித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பூனைக்கு முடி அதிகம் கொட்டும்போலிருக்கிறது என்று முடிவு கட்டினேன். பத்து வயதுப் புத்தி. வியாழக்கிழமையே இரண்டு முறை சீவத் தொடங்கினேன்.

அப்படி ஒரு வியாழக்கிழமைதான். வயிற்றடியில் ஒரு சிக்கு கெட்டியாகிக் கிடந்தது. அதை எடுத்துவிட்டால் தம்பிக்குச் சரியாகிவிடும் என்று ஒரு வெறி. காது படிந்ததையும் வால் அடித்ததையும் பார்த்தும் நிறுத்தவில்லை. சீப்பு சிக்கில் மாட்டியது. இழுத்தேன். பஞ்சு தலையைத் திருப்பி என் இடது கட்டைவிரலுக்குக் கீழே கடித்துவிட்டு ஓடிப்போனது. இரண்டு சின்ன ஓட்டை. முதலில் ரத்தம்கூட வரவில்லை. பிறகு நிற்கவில்லை.

குழாயைத் திறந்து கையைக் காட்டியபடி நான் நினைத்ததெல்லாம் வலியை அல்ல. எங்கள் சந்து முனையில் ஒரு பையன் இருந்தான். நாய் கடித்துப் பதினாலு ஊசி போட்டுக்கொண்டவன். ஊசி இம்புட்டு நீளம் என்று முழங்கையைக் காட்டுவான். ஊசி போடாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அவன்தான் சொன்னான். முதலில் தண்ணீரைக் கண்டால் பயம் வரும். பிறகு வாயில் நுரை வரும். நாய் கடித்தவன் நாய் மாதிரிக் குரைத்துச் சாவான் என்றான். பூனை கடித்தால் என்ன கத்துவார்கள் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

சொன்னால் ஊசி, பஞ்சுவுக்கு மேலூர். சொல்லாவிட்டால் சாவு. நான் விபூதியை வைத்து அழுத்தி, தலைமுடி ரிப்பனால் கட்டிக்கொண்டேன்.

“கையில என்னடி?” என்றாள் அத்தை.

“பள்ளிக்கூடத்துக் கம்பி கிழிச்சிருச்சு அத்தை.”

“பார்த்து வரக் கூடாது? கண்ணு பொடனியிலயா இருக்கு?” என்று திட்டிவிட்டு அவள் தம்பிக்குத் தைலம் தேய்க்கப் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து நான் காலையில் எழுந்ததும் செய்த முதல் வேலை, ஒரு தம்ளர் தண்ணீரை முன்னால் வைத்துக்கொண்டு அதை உற்றுப் பார்ப்பது. பயமாக இருக்கிறதா? இல்லை. கொஞ்சம் இருக்கிற மாதிரி இருக்கிறதே? மடக்கென்று குடித்துவிடுவேன். தொண்டையில் இறங்கினால் இன்றைக்கு ஒருநாள் பிழைத்தேன் என்று பள்ளிக்கூடம் போவேன். நீங்கள் சிரிப்பீர்கள். இப்போது பேத்தியைப் பூனை லேசாகப் பிறாண்டினால்கூட அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். அன்றைக்கு என்ன தைரியத்தில் சும்மா இருந்தேன் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே விடாத மழை. சாரல் அடிக்கிறது என்று சன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. அத்தை வழக்கம்போல் தூபக்காலில் கங்கு எடுத்து சாம்பிராணி போட்டாள். வெள்ளி வீட்டுக்கு, சனி தம்பிக்கு என்று கணக்கு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, தூபக்கால்மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதில் அவன் தலையைச் சாய்த்து முடி உலர்த்துவாள். அந்த வாரம் அவனுக்குச் சளி கட்டியிருந்தது. அதனால் வெள்ளிக்கிழமையே கூடையைக் கவிழ்த்துவிட்டாள். சளி இளகட்டும் என்று இரண்டு கை கூடுதலாகப் போட்டாள். நல்ல சாம்பிராணி, அப்பா கடையிலேயே உயர்ந்த சரக்கு. எதிர்ச் சுவர் தெரியவில்லை. அந்த வாசனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் தெரியுமா?

தம்பி எழுந்து உட்கார்ந்தான். வாயைத் திறந்தான், மூடினான். சத்தம் இல்லை. வழக்கமான அந்தச் சத்தம்கூட இல்லை. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிட்டது.

“ஏத்தா, அப்பாவக் கூப்பிடு! ஓடு!” என்று அத்தை அலறினாள்.

மழையில் ஓடினேன். அப்பா கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தார். குடை மூட்டைக்குப் பின்னால் மாட்டியிருந்தது. அதை அவர் இழுத்த வேகத்தில் என் டப்பா கீழே விழுந்து மூடி தெறித்தது. ஒரு மாதத்து முடி, உருண்டை உருண்டையாகத் தம்பியின் தலைமாட்டில் உருண்டது.

அப்பா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறினார். அத்தை தலைவிரிகோலமாக இன்னொரு பக்கம் ஏறினாள். என்னை ஏற்றிக்கொள்ளவில்லை.

வீட்டில் நானும் பஞ்சுவும் புகையும். ஒவ்வொரு உருண்டையாகப் பொறுக்கினேன். எத்தனை பொறுக்கினாலும் இன்னொன்று இருந்தது. தம்பி செத்துப்போவான், நான்தான் கொன்றேன் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அழுகைகூட வரவில்லை. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பஞ்சுவை நானே கொடுத்துவிட்டால் சாமி தம்பியை விட்டுவிடும்.

காலி அரிசிச் சாக்கை எடுத்தேன். அது எப்போதும்போல் ஓடும், பிறாண்டும் என்று நினைத்தேன். ஓடவில்லை. கையில் சீப்பு இல்லை அல்லவா, அதற்கு என்மேல் பயம் இல்லை. தானாக மடியில் ஏறி உட்கார்ந்தது. அப்படியே தூக்கி உள்ளே போட்டு, சணலால் வாயைக் கட்டி வாசலில் வைத்தேன். அதன் பிறகுதான் உள்ளேயிருந்து கத்த ஆரம்பித்தது. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா மட்டும் வந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“அப்பா, தம்பி?”

“இருக்கான் ஆத்தா. ஊசி போட்டாங்க. மூச்சு வந்துருச்சு.”

வாசலில் சாக்கு அசைந்தது.

“யாரு கட்டுனது?”

“நாந்தான்ப்பா.”

அப்பா குனிந்து சணல் முடிச்சில் கை வைத்தார். அவிழ்க்கப்போகிறார் என்று நினைத்தேன். கை அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு எழுந்து உள்ளே போய், சாரலைப் பார்க்காமல் எல்லாச் சன்னலையும் கதவையும் திறந்துவிட்டார். மிச்ச முடி வெளியே போகட்டும் என்று திறக்கிறார் என நினைத்துக்கொண்டேன். தூபக்காலைத் தூக்கிப் பின்கட்டில் மழையில் வைத்தார். கங்கு சுர்ரென்று அணைந்தது. அதை ஏன் செய்தார் என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

விடிந்ததும் சாக்கோடு மேலூர் போய்விட்டு, வெறும் கையோடு திரும்பினார்.

தம்பி தேறிவிட்டான். பிறகு அப்படி ஒரு இளைப்பு அவனுக்கு வரவேயில்லை. தை மாதம் அம்மா தங்கச்சிப் பாப்பாவோடு திரும்பினாள். எல்லோருமாக வண்டியூருக்குத் தெப்பம் பார்க்கப் போனோம். கூட்டத்தில் நுழைந்து படியில் இறங்கி, அவ்வளவு பெரிய குளத்துத் தண்ணீரில் கடிபட்ட கையை முக்கினேன். பயம் வரவில்லை. அன்றைக்குத்தான் நான் சாகமாட்டேன் என்று நம்பினேன்.

ஆனால் இன்னொன்று போகவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தை என் கன்னத்தை வழித்து, “அந்தச் சனியன் போச்சு, பிள்ளை பொழச்சான். எம் மருமகதான் தானே சாக்குல கட்டிக் குடுத்தா” என்று சொல்வாள். டப்பா விஷயத்தை அப்பா அவளிடம் சொல்லவில்லை. அதற்காக நான் அவருக்கு நன்றியோடு இருந்தேன். ஒரு மாத முடியைத் தம்பியின் தலைமாட்டில் சேர்த்து வைத்தவள் நான் என்பதை எனக்கும் அப்பாவுக்குமான ரகசியமாகவே வைத்து, கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, பேத்தியும் எடுத்தேன்.

இரண்டு வருஷம் முன்பு அப்பா போனார். பதினாறாம் நாள், படத்துக்கு யாரோ சாம்பிராணி போட்டார்கள். அந்தக் காலத்தில் கடையில் எடை போட்ட அண்ணன், இப்போது எழுபத்தைந்து தாண்டியவர், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“உங்கப்பா கடையில இத மூட்டையா விப்பாரு. வீட்டுக்கு மட்டும் ஒரு பொட்டலம் கொண்டுபோக மாட்டாரு, தெரியுமா பாப்பா?”

தெரியும். “நல்ல சரக்கு வரத்து இல்லக்கா” என்று அத்தையிடம் அவர் சொல்லிக்கொண்டேயிருந்தார். அத்தை சாகும்வரை அந்த நல்ல சரக்கு வரவில்லை. அதற்குப் பதிலாக வெள்ளிக்கிழமை சாமிப் படத்துக்கு ஒரு முழம் மல்லிகை கூடுதலாக வாங்கி வருவார்.

“ஏன்ணே?” என்றேன்.

“தம்பிக்கு மூச்சு நின்னுச்சுல்ல, அன்னைக்கு டாக்டர் உங்கப்பாவத் தனியாக் கூப்பிட்டு வீட்ல என்ன புகைன்னு கேட்டிருக்காரு. சாம்பிராணின்னதும், அதாங்க பிள்ளையக் கொல்லுது, நிறுத்துங்கன்னுட்டாரு. உங்கத்தைகிட்ட எப்பிடிச் சொல்லுவாரு? பிள்ளை இல்லாதவ, தன் கையால இவனச் சாகடிக்கப் பார்த்தோமேன்னு தெரிஞ்சா தூக்குல தொங்கிருவாளேன்னாரு. பழி பூனைமேலயே இருக்கட்டும்னு விட்டுட்டாரு. மறுநாள் மேலூருக்கு நானுந்தான் கூடப் போனேன். சாக்க அவுத்துவிட்டா அந்தப் பூனை போகமாட்டேங்குது. இவரு காலையே சுத்துது. ‘ஒரு தப்பும் செய்யலப்பா இது’ன்னு சொல்லிட்டு அங்கேயே உக்காந்து அழுதாரு.”

சாக்கின் முடிச்சில் கை வைத்தாரே, அப்போதே அவருக்குத் தெரியும். நான் நிமிர்ந்து அப்பாவின் படத்தைப் பார்த்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. அக்காவைக் காப்பாற்றினார், சரி. நானும் அதைத்தான் செய்திருப்பேன். பூனைக்காக அழுதார், அதுவும் சரி. ‘உன் டப்பாவால இல்ல ஆத்தா’ என்று என் காதில் மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஐம்பது வருஷம் அந்த வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தேன். அவரும் அந்த டப்பாவைப் பார்த்தவர்தானே. அது எனக்குள் கிடக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லையா?

தம்பிக்கு இது எதுவும் தெரியாது. தெப்பக்குளத்துப் பக்கம் வீடு கட்டியிருக்கிறான். போன மாதம் போயிருந்தேன். அவன் மகள் விலை கொடுத்து வாங்கிய நீள முடிப் பூனை ஒன்று அவன் மடியிலேயே கிடக்கிறது. அவன் முகத்தை அதன் முதுகில் வைத்துத் தேய்க்கிறான். மூச்சு சீராக வருகிறது. நான் எண்ணிப் பார்த்தேன்.

“அக்கா, இதுக்குக் கொஞ்சம் சீவி விடேன். யாரையும் பிரஷ்ஷ எடுக்க விடமாட்டேங்குது. நீ சின்னப்பிள்ளையில பூனை சீவுவியாமே, அத்தை சொல்லும்” என்று பிரஷ்ஷை நீட்டினான்.

நான் வாங்கவில்லை. அவன் சட்டைத் தோளில் ஒரு முடி கிடந்தது, சாம்பல் நிறத்தில். என் கை தானாகப் போய் அதை எடுத்துவிட்டது. எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, அத்தை பார்த்துவிட்டாளோ என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.

“விடுக்கா, ஒரு முடிதான” என்று தம்பி சிரித்தான்.